நாற்பத்தொன்பது வாக்கும் இருநூற்று மூன்று உறைகளும்

(இராதாபுரம் சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாறு குறித்த பொழிவு)



குமரிமுனையிலிருந்து கிழக்கு நோக்கிக் கடலோரமாக நடப்பவன் கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி என ஊர் ஊராகக் கடந்து செல்வான். வலக்கைப் பக்கம் கடல். கட்டுமரமும் வள்ளமும் வலையும். இடக்கைப் பக்கம் செம்மண் தேரியும் பனங்காடும்; அவற்றுக்கும் அப்பால் காற்றாலைகள்; அவற்றின் பின்னே மேற்குமலை. இந்நிலப் பரப்பைத்தான் தேர்தல் ஆணையத்தின் ஏடு இராதாபுரம் தொகுதி என்று குறிக்கின்றது. இராதாபுரம் என்னும் பெயர் வடமொழிப் பெயர். ஆனால் அதனைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: பணகுடி, வள்ளியூர், காவல்கிணறு, திசையன்விளை, கூடங்குளம், இடிந்தகரை. பெயரிலேயே குடியும் குளமும் கிணறும் விளையும் கரையும் நிற்கின்றன. மக்கள் எதை நம்பி வாழ்ந்தார்களோ அதையே ஊருக்குப் பெயராக வைத்தார்கள்.

அக்குளத்துக்கும் கிணற்றுக்கும் நீர் இல்லை என்பதே இத்தொகுதியின் முதற் குறை. நெல்லை மாவட்டம் என்றதும் எல்லாருக்கும் பொருநையாறு நினைவுக்கு வருகின்றது. ஆனால் பொருநை நீர் நெடுங்காலம் இத்தொகுதிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இங்கு உள்ளவை நம்பியாறும் அனுமன் ஆறும். மழை பெய்தால் ஓடும், இல்லையேல் மணல். குமரி மாவட்டத்துக் கோதையாற்று நீர் இராதாபுரம் கால்வாய் வழியாக நொடிக்கு 150 கன அடி அளவில் வரவேண்டும். 52 குளங்களை நிரப்பி 17,000 ஏக்கரை நனைக்க வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. அந்நீரைக் கேட்டுக் கடைமடை உழவர் மனுக்கொடுக்காத ஆண்டு அரிது. இங்கு வாக்குக் கேட்டு வந்த ஒவ்வொருவரும் முதலில் நீரைப் பற்றித்தான் பேசினார்கள் என்றால் அதற்குக் கரணியம் இதுவே.

தொடக்க காலத்துத் தேர்தல்களை விரிக்க வேண்டுவதில்லை. தென்கோடித் தமிழகத்தில் காமராசர் பெயருக்கு இருந்த ஈர்ப்பு பெரிது. 1967-இல் தமிழ்நாடு முழுதும் ஆட்சி மாறிய அலையில் விருதுநகரிலேயே அவர் தோற்றார். ஆனால் 1969-இல் இதற்கு அடுத்த நாகர்கோயில் நாடாளுமன்றத் தொகுதி அவரைத் தேடி அழைத்து வெற்றிபெறச் செய்தது. வடக்கே திராவிட இயக்கக் கட்சிகள் ஒன்றையொன்று மாற்றி மாற்றி வென்ற நாள்களிலும் இக்குமரிக் கரையோரத்தில் பேராயக் கட்சியின் (காங்கிரசின்) கிளைகளே திரும்பத் திரும்ப முளைத்தன. 1984-இல் காந்தி காமராசு தேசியப் பேராயக் கட்சியின் குமரி அனந்தன். 1989-இலும் 1991-இலும் பேராயக் கட்சியின் இரமணி நல்லதம்பி. 1996-இல் மூப்பனாரின் தமிழ் மாநிலப் பேராயக் கட்சியின் அப்பாவு. பெயர்ப்பலகை மாறினாலும் வேர் ஒன்றாகவே இருந்தது.

இவர்களுள் குமரி அனந்தனைப் பற்றி இரண்டு சொல் கூறாமல் செல்வது நன்றியன்று. அவருடைய அரசியல் நிலைப்பாடுகள் எல்லாவற்றையும் தமிழியக்கத்தார் ஏற்றுக்கொண்டதில்லை, ஏற்க வேண்டுவதுமில்லை. ஆனால் 1977-இல் நாகர்கோயிலிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன அவர், அம்மன்றத்தில் தமிழிலேயே வினாத் தொடுப்பேன் என்று நின்று அவ்வுரிமையைப் பெற்றார். இந்தியும் ஆங்கிலமுமே அரசு மொழி என்றிருந்த அவையில் தனியொருவராக அதைச் செய்தார். கேட்டவருக்கு விளங்காவிட்டால் விளங்க வைப்பது அவையின் கடமை என்பதே அதன் பொருள். அத்தகைய ஒருவரை இராதாபுரத்து மக்கள் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். பனைத்தொழிலாளர்க்காகவும் அவர் பேசிய பேச்சு இத்தேரிக்காட்டுக்கு நன்கு பொருந்தியது. 2025 ஏப்பிரல் 9 அன்று அவர் மறைந்தார்.

2001-ஆம் ஆண்டுத் தேர்தல் இத்தொகுதியின் தனிக்குணத்தைக் காட்டியது. அப்பாவு எப்பெருங்கட்சியின் சின்னமும் இன்றித் தனித்து நின்றார். கூட்டணிகள் கொடிகளைக் குவித்துக்கொண்டு வந்தன. மக்கள் தனித்து நின்றவரையே தெரிந்தெடுத்தனர். தமிழ்நாட்டில் சின்னத்தைப் பார்த்தே வாக்களிக்கிறார்கள், ஆளைப் பார்ப்பதில்லை என்று நகரத்துப் பேனாக்காரர் அடிக்கடி எழுதுவார்கள். அவர்கள் ஒருமுறை வள்ளியூர்ச் சந்தைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். பின்னர் அப்பாவு தி.மு.க.வில் சேர்ந்து 2006-இல் மூன்றாம் முறையாக வென்றார். 2011-இல் விசயகாந்தின் கட்சியைச் சேர்ந்த மைக்கேல் இராயப்பன் முரசுச் சின்னத்தில் வென்றார். வென்ற மறு ஆண்டே அவர் தம் கட்சித் தலைமையை விட்டு விலகி நடக்கத் தொடங்கினார். 2016 பிப்பிரவரியில் அத்தகையோர் பலர் ஒன்றாகப் பதவி விலகியபோது விசயகாந்து எதிர்க்கட்சித் தலைவர் என்னும் நிலையையே இழந்தார். முரசுக்குப் போட்ட வாக்கு எங்கே போயிற்று என்று கேட்க வாக்களித்தவனுக்கு வழி எதுவும் இல்லை.

அந்த 2011-ஆம் ஆண்டில்தான் இத்தொகுதியின் பெயரை உலகம் வேறொரு வகையில் கேட்டது. 1988 நவம்பரில் இராசீவ் காந்தியும் கொர்பச்சேவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கூடங்குளத்தில் அணுவுலை அமைக்க முடிவாயிற்று. பேச்சிப்பாறை அணையின் நீரை உலைக்குக் கொண்டுவருவது முதலில் போட்ட கணக்கு. வயலுக்கே வராத நீர் உலைக்கு வருமா என்று உழவர் கொதித்தெழுந்தபின் அது கைவிடப்பட்டுக் கடல்நீரை நன்னீராக்கும் ஏற்பாடு வந்தது. 2002-இல் கட்டுமானம் தொடங்கியது. 2011 மார்ச்சில் சப்பான் நாட்டில் புகுசிமா உலைகள் வெடித்தன. கடற்கோளின் நினைவு ஆறாத கரையோர மக்கள் அக்காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டார்கள். அவ்வாண்டிலேயே இடிந்தகரை லூர்து மாதா கோயில் முற்றத்தில் பந்தல் எழுந்தது.

இவ்விடத்தில் தேர்தலும் ஆட்சியும் எவ்வாறு கைகோத்து நடந்தன என்பதைக் கூர்ந்து பாருங்கள். 2011 செப்தம்பர் 22 அன்று தமிழ்நாட்டு அமைச்சரவை, மக்களின் அச்சம் தீரும்வரை பணியை நிறுத்தி வைக்குமாறு இந்திய அரசை வேண்டித் தீர்மானம் செய்தது. உள்ளாட்சித் தேர்தல் அப்போது வாயிலில் நின்றது. 2012 மார்ச்சு 18 அன்று அப்போது இதே நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சங்கரன்கோயிலில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. மறுநாள், மார்ச்சு 19 அன்று, பணியைத் தொடரலாம் என்று அதே அமைச்சரவை முடிவு செய்தது. இடையே இருந்தது ஒரே ஓர் இரவு! மக்களின் அச்சம் அந்த ஓரிரவில் தீர்ந்துவிட்டதா, அல்லது வாக்குப்பெட்டியைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்ததும் அச்சத்துக்கு மதிப்பில்லாமற் போயிற்றா என்பதைக் கேட்போரே முடிவு செய்துகொள்ளலாம்.

பிறகு நடந்தவை யாவரும் அறிந்தவை. 2012 செப்தம்பர் 10 அன்று கடற்கரை மணலில் கூடியிருந்த மக்கள்மேல் கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வீசப்பட்டன. பெண்டிரும் சிறுவரும் கடலுக்குள் ஓடினர். அதே நாளில் மணப்பாட்டில் மீனவர் ஒருவர் காவலரின் துப்பாக்கிக்கு இரையானார். ஆயிரக்கணக்கானோர்மேல் அரசுக்கு எதிரான பகைக் குற்றம் என்னும் வெள்ளையர் காலத்துப் பிரிவில் வழக்குகள் பதியப்பட்டன. 2013 மேத் திங்கள் 6 அன்று உச்ச வழக்குமன்றம் (உச்சநீதிமன்றம்) உலைக்கு இசைவளித்தது. மக்கள்மேல் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறும் அதே தீர்ப்பில் கூறியது. முன்னதை அரசு உடனே நிறைவேற்றியது. பின்னதற்கு அத்தகைய விரைவு இல்லை. 2013 சூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது.

போராட்டத்தை முன்னின்று நடத்திய சுப. உதயகுமாரன் 2016 சட்டமன்றத் தேர்தலில் பச்சைத் தமிழகம் கட்சியின் சார்பில் இதே இராதாபுரத்தில் நின்றார். சில ஆயிரம் வாக்குகளே அவருக்குக் கிடைத்தன. ஆயிரம் நாள் பந்தலில் அமர்ந்த மக்களின் வாக்கு அவருக்கு முழுமையாகத் திரும்பவில்லை என்று பலர் ஏளனம் செய்தனர். ஏளனம் எளிது. கடற்கரை ஊர்கள் தொகுதியின் ஒரு விளிம்பு. உள்நாட்டு ஊர்களுக்கு வேறு கவலை. பந்தலில் அமர்வதற்குத் துணிவு வேண்டும். வாக்குச் சாவடியிலோ, வெல்லக்கூடியவர் யார் என்னும் கணக்கு வந்து நிற்கும். இரண்டும் ஒரே மனத்தில்தான் இருக்கின்றன.

இனி, 2016 மேத் திங்கள் 16 அன்று நடந்த அத்தேர்தலின் முடிவுக்கு வருவோம். மே 19 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. அ.தி.மு.க.வின் இன்பதுரைக்கு 69,590, தி.மு.க.வின் அப்பாவுக்கு 69,541. வேறுபாடு 49. இருவருக்கும் சேர்ந்து விழுந்த வாக்குகள் 1,39,131. அவற்றுள் 49 என்பது ஏறத்தாழ 2,800 பேருக்கு ஒருவர். கூத்தங்குழியில் ஒரு தெருக்காரர் அன்று கடலுக்குப் போகாமல் இருந்திருந்தால், பணகுடியில் ஒரு திருமண வீட்டார் சற்று முன்னதாகச் சாவடிக்கு வந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கும். 2008-இல் இராசத்தானத்து நாத்துவாராவில் சி.பி. சோசி ஒரே ஒரு வாக்கில் தோற்றார் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். ஒரு வாக்கினால் என்ன ஆகிவிடும் என்று வீட்டில் படுத்திருப்பவர்க்கு இவை சொல்லப்பட வேண்டும்.

ஆனால் இராதாபுரத்தின் வழக்கு வராதவர்களைப் பற்றியதன்று; வாக்களித்தும் எண்ணப்படாதவர்களைப் பற்றியது.

தேர்தற் பணியில் இருக்கும் ஆசிரியரும் அரசு ஊழியரும் தம் சாவடிக்குச் செல்ல இயலாது. ஆகவே அவர்களுக்கு அஞ்சல் ஒப்போலை (தபால் வாக்குச்சீட்டு) தரப்படுகின்றது. ஒப்போலையில் அடையாளமிட்டு ஓர் உள்ளுறையில் இட்டு ஒட்ட வேண்டும். தாமே வாக்களித்ததாக ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்திட வேண்டும். அக்கையெழுத்து இன்னாருடையதே என்று அரசிதழ்ப் பதிவுபெற்ற அலுவலர் ஒருவர் சான்றொப்பம் இட வேண்டும். இரண்டையும் வெளியுறையில் வைத்துச் சேர்ப்பிக்க வேண்டும். எண்ணும் நாளில் வெளியுறையைப் பிரித்து முதலில் உறுதிமொழித் தாளைப் பார்ப்பார்கள். அதில் குறை கண்டால் உள்ளுறையைத் தொடவே மாட்டார்கள். உள்ளே யாருக்கு வாக்கு என்பது எவருக்கும் தெரியாமலே அது கழிக்கப்பட்டுவிடும்.

இராதாபுரத்தில் அவ்வாறு கழிக்கப்பட்டவை 203 உறைகள். என்ன குறை? சான்றொப்பமிட்டவர் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர். அவர் அதற்குரிய அலுவலர் அல்லர் என்பதே குறை. சாவடியை நடத்த நம்பகமானவர் என்று அரசு தேடிப் பிடிப்பது ஆசிரியரை. மாணவனின் நடத்தைக்கும் பிறந்த நாளுக்கும் அவர் எழுதித் தருவதே சான்று. ஆனால் தம்முடன் பணியாற்றும் இன்னோர் ஆசிரியரின் கையெழுத்து இதுதான் என்று அவர் கூறினால் அது செல்லாது! அந்த 203-இல் 127 பேர் ஒருவருக்கும் 76 பேர் மற்றவருக்கும் வாக்களித்திருந்தாற்கூட வேறுபாடு 51. முடிவு தலைகீழாக மாறிவிடும். மாறியிருக்கும் என்று எவரும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. மாறாது என்றும் சொல்ல இயலாது என்பதுதான் வழக்கின் அடிப்படை.

அப்பாவு சென்னை உயர்வழக்கு மன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுத்தார். அந்த 203 உறைகளையும், பொறியில் பதிவான வாக்குகளில் 19, 20, 21 ஆகிய மூன்று சுற்றுகளையும் மீள எண்ண வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். இங்கே சட்டம் என்ன சொல்கின்றது என்பதைக் கேளுங்கள். 1951-ஆம் ஆண்டின் மக்கள் சார்பாண்மைச் சட்டம், தேர்தல் வழக்கை 45 நாள்களுக்குள் தொடுக்க வேண்டும் என்கின்றது. வழக்குத் தொடுப்பவன் 46-ஆம் நாள் வந்தால் கதவு சாத்தப்படும். அதே சட்டம், வழக்கை ஆறு திங்களுக்குள் முடிக்க வழக்குமன்றம் முயல வேண்டும் என்கின்றது. மேல்முறையீட்டை மூன்று திங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் கூறுகின்றது. குடிமகனுக்கு விதித்தது கட்டளை. மன்றத்துக்குச் சொன்னது முயற்சி. 45 நாள் இரும்பால் அடித்த வேலி. ஆறு திங்களோ பனையோலையால் வேய்ந்த தட்டி.

2016-இல் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது 2019 அக்தோபர் 1 அன்று. மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நடுவர் செயச்சந்திரன், நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியரின் சான்றொப்பம் செல்லத்தக்கதே என்று கொண்டு, கேட்ட உறைகளையும் மூன்று சுற்றுகளையும் மீள எண்ண ஆணையிட்டார். அக்தோபர் 4 அன்று உயர்வழக்கு மன்ற வளாகத்திலேயே பெட்டிகளும் பொறிகளும் கொண்டுவரப்பட்டு எண்ணிக்கை நடந்தது. அதே நாளில் உச்ச வழக்குமன்றம், எண்ணிய முடிவை வெளியிடக் கூடாது என்று இடைத்தடை விதித்தது. இன்பதுரை மேல்முறையீடு செய்திருந்தார். அது அவர் உரிமை, அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் சில கிழமைகளுக்கு என்று தொடங்கிய தடை மேலும் மேலும் நீண்டது. உறைகள் பிரிக்கப்பட்டன, எண்ணப்பட்டன, தாளில் எழுதப்பட்டன, அத்தாள் உறையிலிட்டு முத்திரை வைக்கப்பட்டது. 203 உறைகளைத் திறந்ததன் பயன் 204-ஆவதாக ஓர் உறை!

அந்த ஆண்டுகள் சட்டமன்றத்தில் எத்தகைய ஆண்டுகள் என்பதையும் எண்ண வேண்டும். 2016 திசம்பரில் செயலலிதா மறைந்தார். 2017 பிப்பிரவரியில் எடப்பாடி பழனிச்சாமியின் அமைச்சரவை 122-க்கு 11 என்னும் கணக்கில் நம்பிக்கை பெற்றது. அவ்வாண்டு செப்தம்பரில் 18 உறுப்பினர் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். ஆட்சி நிலைக்குமா கவிழுமா என்று ஒவ்வோர் இருக்கையாக விரல்விட்டு எண்ணிய நாள்கள் அவை. 2019-இல் 22 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்து ஆளுங்கட்சி 9 இடங்களைப் பெற்ற பின்னரே அக்கணக்கு ஓய்ந்தது. அத்தகைய நாள்களில் ஓர் இருக்கை யாருக்குரியது என்பதே ஐயத்தில் இருந்தது. ஐயத்தில் இருந்தபடியே அவ்விருக்கையிலிருந்து வாக்குகள் போடப்பட்டன, சட்டங்கள் நிறைவேறின.

2021 தேர்தல் வந்தது. அதே இருவர் மீண்டும் எதிரெதிரே நின்றனர். அப்பாவுக்கு 82,331, இன்பதுரைக்கு 76,406. இம்முறை வேறுபாடு 5,925. எந்த உறையையும் எவரும் தேட வேண்டியிருக்கவில்லை. 2021 மேத் திங்கள் 12 அன்று அப்பாவு சட்டப்பேரவைத் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். இன்பதுரை 2025-இல் தம் கட்சியின் சார்பில் மாநிலங்களவை உறுப்பினரானார். ஆட்களைப் பொறுத்தவரை இருவருக்கும் இழப்பொன்றும் இல்லை என்று சிலர் அமைதி சொல்வார்கள். வழக்கு அவ்விருவருடையதன்று.

நீர்ச் செய்தியையும் முடித்துவிடலாம். பொருநையின் வெள்ளநீரைக் கன்னடியன் அணைக்கட்டிலிருந்து 75 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி, கருமேனியாற்றோடும் நம்பியாற்றோடும் இணைக்கும் திட்டம் 2009-இல் 369 கோடி உருபா மதிப்பில் தொடங்கியது. ஆட்சிகள் மாறின, மண்ணள்ளும் பொறிகள் வந்தன, போயின, மதிப்பீடு ஆயிரம் கோடியைத் தாண்டியது. 2025 பிப்பிரவரியில்தான் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பதினாறு ஆண்டுகளில் இத்தொகுதி மூன்று சட்டமன்றத் தேர்தல்களைக் கண்டது. ஒவ்வொன்றிலும் அக்கால்வாயைக் காட்டி வாக்குக் கேட்கப்பட்டது.

அந்த 203 ஆசிரியரும் ஊழியரும் 2016-இல் வேறு ஊர்ச் சாவடிகளில் விடியுமுன் போய் அமர்ந்து, பிறர் விரலில் மை வைத்து, மாலையில் பெட்டியை முத்திரையிட்டு ஒப்படைத்தவர்கள். அவர்கள் காத்த வாக்குகள் அத்தனையும் மூன்றே நாளில் எண்ணப்பட்டன. அவர்களுடைய சொந்த வாக்கு மூன்று ஆண்டும் நான்கு திங்களும் கழித்து எண்ணப்பட்டது. அவ்வாக்கால் தெரிந்தெடுக்கப்பட வேண்டிய சட்டமன்றம் தன் ஐந்தாண்டுகளை முடித்து 2021-இல் கலைந்தபோதும், எண்ணிய அந்த எண் என்ன என்று அவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை.